மாலை நான்கு மணிக்குப் பின்னர்

பல்கலைக்கழகமொன்றின் தரத்தை அளவிட விழைவோர் பெரும்பாலும் அதன் நூலகத்தையும், ஆய்வுகூடங்களையும், விரிவுரையாளர்தம் பட்டங்களையும், ஆண்டுதோறும் வெளியேறும் பட்டதாரிகளின் தொகையையும் கணக்கெடுப்பர். இவையனைத்தும் கணிப்புக்குரியனவே. ஆயினும் இக்கணக்கில் அகப்படாத பொழுதொன்று உண்டு. இறுதி விரிவுரை முடிந்து, குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டு மாணவர் வெளியே வரும் மாலை நான்கு மணிக்குப் பிந்திய பொழுதே அது. அப்பொழுதில் ஒரு மாணவி எங்கே செல்கிறாள், யாரோடு செல்கிறாள், எதனைப் பேசுகிறாள் என்பவற்றைப் பொறுத்தே, சில ஆண்டுகளின் பின் அவள் எத்தகையவளாக வெளியேறுவாள் என்பது பெரிதும் அமைகின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றுக் காரணமாக இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது இவ்வுண்மை நன்கு புலனாயிற்று. விரிவுரைகள் கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் தொடர்ந்தன. எனினும் அக்காலத்தில் முதலாம் ஆண்டிற் சேர்ந்தோர் பலருக்குத் தாம் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டோம் என்ற உணர்வே ஏற்படவில்லை. பாடம் இருந்தது, பாடத்துக்குப் பிந்திய பொழுது இருக்கவில்லை. இப்பொழுதினை நகரத்தின் நடுவே அமைந்த பல்கலைக்கழகம் எவ்வாறு வழங்குகின்றது, தனக்கெனத் தனி நிலப்பரப்பும் விடுதிகளும் கொண்ட பல்கலைக்கழகம் எவ்வாறு வழங்குகின்றது என்பதனைக் கொழும்பையும் பேராதனையையும் கொண்டு நோக்குவது பயனுடையதாகும்.

வடமராட்சிப் பாடசாலையொன்றில் ஆறாம் வகுப்பு முதல் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த தோழியர் இருவர். உயர்தரப் பரீட்சையின் பின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போதும் ஒருவரையொருவர் பார்த்தே நிரப்பினர். ஆனால் இந்நாட்டில் பல்கலைக்கழகத்தைத் தெரிவது மாணவரன்று. இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடுமே தெரிகின்றன. தசமப் புள்ளிக்குப் பின்னால் நின்ற ஓர் இலக்கத்தின் வேறுபாட்டினால் ஒருத்திக்குக் கொழும்புக் கலைப்பீடமும் மற்றவளுக்குப் பேராதனைக் கலைப்பீடமும் கிடைத்தன. பெற்றோர் இருவீட்டாரும் ஒரே கேள்வியையே கேட்டனர்: "பிள்ளை எங்கை தங்கிறது?" அக்கேள்வி பல்கலைக்கழக வரலாற்றில் மிகப் பழைய கேள்வி என்பதனை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906ஆம் ஆண்டில் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. அதனை முழுமையான பல்கலைக்கழகமாக்கும் முயற்சி தொடங்கியபோது, அஃது எங்கே அமைய வேண்டும் என்னும் வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கொழும்பே தகுந்தது என்றோர், மருத்துவமனையும் நீதிமன்றமும் நூல்நிலையமும் அங்கே இருப்பதையும், வீட்டிலிருந்தே சென்று படித்தால் செலவு குறையும் என்பதையும் எடுத்துரைத்தனர். மலைநாடே தகுந்தது என்றோர், நகரத்தின் ஆரவாரத்திலிருந்து விலகி மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் கூடி வாழ்வதே உயர்கல்வியின் உயிர் என்றனர். பத்திரிகையதிபர் டி. ஆர். விஜேவர்தன இரண்டாவது கட்சியின் வலிமை மிக்க குரலாக விளங்கினார்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் இயங்கத் தொடங்கிற்று. அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், விடுதி வாழ்க்கையைக் கல்வியின் ஒரு பகுதியாகவே கருதியவர். அபகுரொம்பியும் ஹொலிடேயும் வகுத்த திட்டப்படி, ஷேர்லி த அல்விஸின் கட்டிடக்கலையில், மகாவலிக் கரையில் அந்தானை மலையடிவாரத்தில் பேராதனை எழுந்தது. 1952இல் கலைத்துறை அங்கே பெயர்ந்தது. 1954 ஏப்ரல் 20ஆந் திகதி எடின்பரோக் கோமகன் அதனை முறைப்படி திறந்துவைத்தார். ஆனால் கொழும்பில் பல்கலைக்கழக வாழ்வு அற்றுப்போய்விடவில்லை. மருத்துவபீடம் அங்கேயே இருந்தது. 1967இல் கொழும்பு தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்வாறாக அப்பழைய வாதத்தின் இரு கட்சிகளும் தத்தமக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தைப் பெற்றுக்கொண்டன எனலாம். வாதம் மட்டும் முடியவில்லை. ஒவ்வோராண்டும் புதிதாக வரும் மாணவரின் வாழ்க்கையில் அது மீண்டும் மீண்டும் நடந்துகொண்டேயிருக்கின்றது.

பேராதனைக்குச் சென்ற தோழி முதலாம் ஆண்டில் விடுதி பெற்றாள். ஒரே அறையில் நால்வர்: திருகோணமலையிலிருந்து ஒருத்தி, அக்கரைப்பற்றிலிருந்து ஒருத்தி, ஹற்றன் தோட்டமொன்றிலிருந்து ஒருத்தி, இவள். தேயிலையைத் தேநீராக மட்டுமே அறிந்திருந்த வடமராட்சிப் பெண், அதனைப் பறித்து வளர்த்த குடும்பமொன்றின் மகளோடு ஒரே அலுமாரியைப் பகிர்ந்துகொண்டாள். லயன் அறையின் அளவு, நாட்சம்பளக் கணக்கு, தாயின் முதுகில் கூடைக்கயிறு பதித்த தழும்பு என்பன எந்தப் பாடநூலிலும் படியாதவையாக இரவில் விளக்கணைத்த பின் அவள் காதில் விழுந்தன. நோன்புக் காலத்தில் அக்கரைப்பற்றுத் தோழிக்காக அதிகாலையில் அறை முழுவதும் விழித்தெழுந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறும் வழியில் பிற பீடத்தவரும் அறிமுகமாயினர். குளியலறைக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, துணி உலர்த்தும் கயிற்றுக்குச் சண்டை. இவை எல்லாவற்றினூடாகவும் அறிமுகங்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. எவரையும் தேடிச் செல்ல வேண்டிய தேவை அவளுக்கு ஏற்படவில்லை.

கூடி வாழ்தலின் பயன் சாப்பாட்டு மேசையோடு நின்றுவிடுவதன்று. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு மரபுக்கூத்தினைப் பேராதனை மாணவரைக் கொண்டு புதுப்பித்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பன அவ்வாறு மேடை கண்டவை. ஆட்டமும் பாட்டும் பழகுவதற்கு நீண்ட மாலைகளும் இரவுகளும் வேண்டும். கடைசிப் பஸ்ஸை எண்ணிக் கடிகாரம் பார்க்கும் மாணவரைக் கொண்டு அத்தகைய பணியைச் செய்தல் அரிது. சிங்கள நாடக உலகிலும் இதுவே உண்மை. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' பேராதனை மாணவரோடு உருவாகி, 1956 நவம்பரில் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ஆக்கத்துக்கு வளாகமும் அரங்கேற்றத்துக்கு நகரமும் வேண்டியிருந்தன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஆனால் வளாக வாழ்க்கைக்கு மறுபக்கமும் உண்டு. எந்தக் கூட்டம் அரவணைக்கின்றதோ அந்தக் கூட்டமே அடக்கவும் வல்லது. எந்த உடையை உடுப்பது, எந்தப் பாதையால் நடப்பது, யாருடன் பேசுவது என்பவற்றைச் சிரேஷ்ட மாணவர் விதிக்க, அதனை மரபென்று சொல்லி ஏற்றுக்கொள்ளும் நிலை இன்னும் முற்றாக ஒழியவில்லை. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவனொருவன் பகிடிவதையினால் உயிரிழந்தான். அடுத்த ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்தபின்னும், ஒதுக்கிவைத்தல் என்னும் ஓசையற்ற தண்டனை எஞ்சியே நிற்கின்றது. நான்கு மதிலுக்குள் எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில், ஒதுக்கப்பட்டவளுக்குப் போக்கிடம் இல்லை. முதலாம் ஆண்டின் நடுப்பகுதியில் ஓரிரவு பேராதனைத் தோழி கொழும்புத் தோழியிடம் தொலைபேசியில் கூறினாள்: "இஞ்சை தனிய இருந்து அழக்கூட ஒரு இடமில்லையடி."

மறுமுனையிலிருந்து வந்த பதில் இது: "இஞ்சை எங்கையிருந்து அழுதாலும் ஒருத்தருக்கும் கேளாது."

கொழும்புத் தோழிக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையை அவளும் இன்னொருத்தியும் வாடகைக்கு எடுத்தனர். உடனிருந்தவள் கணக்கியல் படித்துக்கொண்டே வேலைக்குச் செல்பவள். இரவு வந்து படுப்பாள், விடிய எழுந்து போவாள். வீட்டுக்கார அம்மா நல்லவரே. எனினும் மாலை ஏழு மணிக்கு முன் வந்துவிட வேண்டும், விருந்தினர் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது என்னும் நிபந்தனைகள் முதல் நாளிலேயே விதிக்கப்பட்டன. நகரம் மாணவருக்குச் சுதந்திரம் தருகின்றது என்பர். அந்தச் சுதந்திரம் பெண் பிள்ளைக்கு ஏழு மணியோடு முடிந்துவிடுகின்றது என்பதனையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு விரிவுரை முடிந்தால், எஞ்சிய மூன்று மணித்தியாலங்களில் காலி வீதிப் பஸ் நெரிசல் ஒரு மணித்தியாலத்தை விழுங்கிவிடும். விரிவுரை மண்டப வாசலில் வகுப்புத் தோழர் நான்கு திசைகளிலும் கலைந்து செல்வர். கொழும்பிலேயே வீடுள்ளோர் வீட்டுக்கும், சிலர் ஆங்கில வகுப்புக்கும், சிலர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து உழைப்பதற்கும் செல்வர். மகாபொலப் புலமைப்பரிசில் வாடகைக்கும் காணாத நகரத்தில் இந்த உழைப்பு பலருக்குத் தவிர்க்க முடியாதது.

ஆயினும் நகரம் வெறுங்கையோடு எவரையும் அனுப்புவதில்லை. பொது நூலகமும் நூதனசாலையும் கலைக்கூடங்களும் நடந்தே செல்லத்தக்க தூரத்தில் உள்ளன. பல்கலைக்கழகம் பிறந்த அதே 1942ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் அவளது அறைக்கு அண்மையிலேயே இருந்தது. அங்கு நூல் வெளியீடொன்றில், தான் பாடசாலையிற் படித்த கதையொன்றின் ஆசிரியரை அவள் நேரிற் கண்டாள். பேராதனை மாணவிக்கு ஆண்டுக்கொருமுறை கிடைப்பது இவளுக்கு வாரந்தோறும் கிடைத்தது. பஸ்ஸில் அருகே அமர்பவர் ஒரு நாள் தாதி, ஒரு நாள் தையற்காரி, ஒரு நாள் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். மாணவரல்லாத மனிதரும் உலகில் உளர் என்பதனை வளாகம் மறக்கச் செய்துவிடும். நகரம் மறக்க விடுவதில்லை. எவரும் அவள் உடையைக் கேள்விக்குட்படுத்தவில்லை. எந்தக் கூட்டமும் அவளை ஒதுக்கவில்லை. ஒதுக்குவதற்கு முதலில் ஒரு கூட்டம் இருக்க வேண்டுமன்றோ!

இரண்டாம் ஆண்டில் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அறைத்தோழி விடுமுறையில் ஊர் சென்றிருந்தாள். வீட்டுக்கார அம்மா இவளும் ஊருக்குப் போயிருப்பாள் என்று எண்ணியிருந்தார். தொலைபேசி மின்னேற்றமின்றிக் கிடந்தது. மூன்றாம் நாள் பகலில் கதவைத் தட்டியவள், ஆங்கில வகுப்பில் இவளருகே அமரும் சிங்கள மாணவி ஒருத்தி. இருக்கை இரண்டு நாள் வெறுமையாய்க் கிடந்ததைக் கண்டு, தமிழ் மாணவர் சிலரிடம் விசாரித்து, முகவரி அறிந்து, அறியாத தெருவில் இலக்கம் தேடி வந்திருந்தாள். கையில் ஒரு சுடுநீர்ப் போத்தலில் இஞ்சியிட்டு அவித்த கொத்தமல்லி. அவளே முச்சக்கர வண்டியொன்றை அழைத்து இவளை அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றாள். நுளம்புக் காய்ச்சல் என்றனர். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் நிலைமை வேறாயிருக்கும் என மருத்துவர் கடிந்துகொண்டார்.

செய்தியறிந்து பேராதனைத் தோழி ஓடிவந்தாள். கட்டிலருகே இருந்து, விடுதியில் தனக்குக் காய்ச்சல் வந்தபோது நிகழ்ந்ததை அவள் நினைவுகூர்ந்தாள். அரைமணி நேரத்தில் அறை நிறைந்துவிட்டது. ஒருத்தி கஞ்சி, ஒருத்தி மாத்திரை, ஒருத்தி நெற்றிக்கு ஈரத்துணி. இவ்வாறு கூறிவந்தவள் சற்று நின்று, வேறொன்றையும் எண்ணிப் பார்த்தாள். அன்று வந்தோர் எல்லோரும் தமிழ் பேசுவோரே. சுவருக்கு அப்பாலுள்ள அறையில் நான்கு சிங்கள மாணவியர் வசித்தனர். ஒன்றரை ஆண்டு ஒரே குழாயில் நீர் பிடித்தும் அவர்களில் ஒருத்தியின் பெயரேனும் இவளுக்குத் தெரியாது. அவர்களுக்கும் இவள் பெயர் தெரியாது.

இது தனியொருத்தியின் குறையன்று. ஜெனிங்ஸ் காலத்து விடுதியில் எல்லோரும் ஆங்கிலத்தில் கற்று ஆங்கிலத்தில் உரையாடினர். அவ்வுறவு வசதி படைத்த சிறு தொகையினருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. இலவசக் கல்வியும், 1960 முதல் கலைத்துறையில் வந்த தாய்மொழிப் போதனையும் அக்கதவைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டன. அவை இல்லையேல் இத்தோழியர் இருவரில் எவரும் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். எனவே அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மொழியால் விரிவுரை மண்டபம் இரண்டானபோது, நான்கு மணிக்குப் பிந்திய பொழுதும் இரண்டாயிற்று. அதனை மீண்டும் இணைப்பதற்கு எவரும் திட்டம் வகுக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாற் போதும், நட்பு தானே முளைக்கும் என நம்பிவிட்டனர்.

அந்நம்பிக்கை எவ்வளவு மெலிந்தது என்பதனை 1983 காட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். வீடென எண்ணிய விடுதிகளை விட்டுப் பலர் வெளியேறினர். யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன, வெள்ளவத்தையும் தப்பவில்லை. வளாகத்து மதிலும் காக்கவில்லை. நகரத்துக் கூட்டமும் காக்கவில்லை. அந்நாட்களில் காத்தவர்கள், அறிமுகமான ஒருவருக்காகத் தம் கதவைத் திறந்த தனி மனிதரே. பெயர் தெரிந்தவருக்கே கதவு திறக்கும். ஆதலால் ஒருவர் பெயரை மற்றவர் அறிந்திருத்தல் என்பது பல்கலைக்கழக வாழ்வில் பொழுதுபோக்கான ஒன்றன்று.

இவ்வாறு நோக்குமிடத்து, எது சிறந்தது என்னும் பழைய வாதத்துக்கு ஒருபக்கத் தீர்ப்பு வழங்குதல் இயலாது. வளாகம் அருகாமையைத் தருகின்றது. ஆனால் அருகாமை பழக்கமாகி, பழக்கம் கூட்டமாகி, கூட்டத்துக்கு வெளியே கண் செல்லாதவாறு தடுத்துவிடக் கூடும். நகரம் தனிமையைத் தருகின்றது. ஆனால் அத்தனிமையிலிருந்து ஒருவர் மற்றவரைத் தேடிப் புறப்பட்டால், அத்தேட்டத்திற்குத் தனியான பெறுமதியுண்டு. கொத்தமல்லியோடு வந்தவளை எந்த மரபும் அனுப்பவில்லை. எந்த விடுதி வழக்கமும் ஏவவில்லை. தானாகவே எண்ணித் தானாகவே வந்தாள். அதே வேளையில், அவளைப் போல் ஒருத்தி வருவாள் என்ற நம்பிக்கையில் மட்டும் நோயுற்ற பிள்ளையொன்றை வாடகை அறையில் விட்டுவைக்கவும் கூடாது.

ஆகவே இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று கற்க வேண்டியன உள. நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு முதலில் வேண்டுவது விடுதி. அது கிடைக்கும் வரையில், நான்கு மணிக்குப் பின்னும் பூட்டப்படாத ஓர் அறையேனும் வேண்டும்; அங்கு இருந்து பேசவும், படிக்கவும், ஒத்திகை பார்க்கவும் இடமிருத்தல் வேண்டும். வெளியூரிலிருந்து வந்து வாடகை அறைகளில் வாழும் முதலாம் ஆண்டு மாணவரின் முகவரிகளைத் திரட்டி, அவர்களை மாதமொருமுறையேனும் சென்று காண்பதைத் தமிழ்ச் சங்கங்கள் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். ஆண்டுவிழாச் செலவில் மிகச் சிறு பங்கே அதற்குப் போதும். வளாகப் பல்கலைக்கழகத்தில் வேண்டுவது வேறு. அங்கு கூட்டத்துக்குக் குறைவில்லை. கூட்டங்களுக்கிடையே வாயில்தான் இல்லை. ஒரு சங்கத்தின் நாடகத்துக்கு மறு சங்கத்தவரை அழைத்தலும், கதைச் சுருக்கத்தை மற்ற மொழியில் அச்சிட்டுக் கொடுத்தலும், விடுதிக்குள்ளேயே மாலை வேளையில் ஒருவருக்கொருவர் மொழி கற்பித்தலும் அரசாணையை எதிர்பார்த்து நிற்க வேண்டிய பணிகளல்ல.

கொழும்பிலிருந்து திரும்பிய வாரத்தில் பேராதனைத் தோழி அயலறைக் கதவைத் தட்டினாள். என்ன சொல்வது என்று தெரியாமையால், சீனி கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். சீனி அறையில் இருந்தது என்பதை அறைத்தோழியர் பின்னர் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர். அச்சீனியோடு தேநீரும், தேநீரோடு பெயர்களும் கிடைத்தன. இறுதியாண்டில் கொழும்புத் தோழி தன் சிங்களச் சிநேகிதியை அழைத்துக்கொண்டு பேராதனைக்கு வந்தாள். அன்று மாலை நான்கு மணிக்குப் பின்னர் மகாவலிக் கரைப் புல்வெளியில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக அமர்ந்திருந்தனர். பாதி தமிழ், பாதி சிங்களம், இடையிடையே இரண்டு பக்கத்தாருக்கும் சரிவரத் தெரியாத ஆங்கிலம். பேச்சு முடியவில்லை. கொழும்புக்குச் செல்லும் புகையிரதத்தைத் தவறவிட்ட இருவருக்கும் அன்றிரவு விடுதியில் பாய் விரிக்கப்பட்டது.